ஒருநாள் பேராசிரியர்

— கதவைச் சாத்து ரைஹான்.

— சாத்துனா வெளிய இருக்கறவங்க தப்பா நெனப்பாங்க மேடம்.

— நெனச்சா நெனச்சுக்கட்டும். சாத்திட்டு வந்து உக்காரு. மத்த ரெண்டு மெம்பரும் சாப்புடப் போயிட்டாங்க. இப்ப இந்த ரூம்ல இன்ஸ்பெக்ஷன் கமிட்டின்னா நான் ஒருத்திதான்.

— சாத்திட்டேன் மேடம்.

— இந்தத் தாள்ல உன் பேருக்கு நேரா என்ன போட்டிருக்காங்கன்னு தெரியுமா?

— அசிஸ்டன்ட் புரபசர், கல்வி உளவியல்.

— இந்தக் காலேஜ்ல எத்தனை வருஷமா வேலை பாக்கறே?

— ரிஜிஸ்டர்ல மூணு வருஷமா மேடம்.

— ரிஜிஸ்டரை நான் படிச்சுக்குவேன். உன்னைக் கேக்கறேன்.

— போன வருஷம் ஒரு நாள். இந்த வருஷம் இன்னிக்கு.

— கழுத்துல தொங்குதே ஐ.டி. கார்டு, அது?

— காங்கயம் தாண்டி ஒரு டீக்கடைல வேன் நின்னுச்சு. அங்க குடுத்தாங்க. திரும்பிப் போறப்ப அதே கடைல வாங்கிக்குவாங்க.

— டையும் அவுங்களுதா?

— டை என்னுது மேடம். என் பிஎச்.டி. வைவாவுக்கு வாங்குனது.

— ம். காலைல எல்லாரும் வரிசைல நின்னீங்க. நான் ஒவ்வொருத்தரா பேர் கேட்டுட்டு வந்தேன். உன்கிட்டயும் கேட்டேன். நீயும் புது ஆள்கிட்ட சொல்ற மாதிரி பேரைச் சொன்னே. நான் தலையாட்டிட்டு அடுத்த ஆள்கிட்டப் போயிட்டேன். அப்புறம் லைப்ரரி காட்டுனாங்க, லேப் காட்டுனாங்க, ஒண்ணும் என் மண்டைல ஏறல. அந்த வைவா ஹால்தான் ஞாபகம் வந்துட்டே இருந்துச்சு.

— அதை இப்பப் பேச வேண்டாம் மேடம்.

— பேசத்தான் கதவைச் சாத்தச் சொன்னேன். மதுரைல இருந்து வந்த எக்ஸாமினர் என்ன சொன்னாரு? எத்தனையோ தீசிஸ் பாத்திருக்கேன், பாதில மூடி வெச்சதுதான் ஜாஸ்தி, இதைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சேன்னாரு. பனியன் கம்பெனி வேலைக்கு வந்த வடக்கத்திக் குடும்பத்துப் புள்ளைங்க தமிழ்ப் பள்ளிக்கூடத்துல எப்படி எழுத்துக் கூட்டுதுங்கன்னு இதுக்கு முன்னால யாரும் பக்கத்துல உக்காந்து பாக்கலைன்னாரு. நான் அன்னிக்கு ஊட்டுக்குப் போயி என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், என் கைல வந்ததுலயே நல்ல தீசிஸ் இதுதான்னு.

— எங்க அத்தா அன்னிக்குத் தெரு முழுக்க ஸ்வீட் குடுத்தாரு மேடம். உக்கடத்துல எங்க தெருவுல மொத டாக்டர் நான்தான். ஊசி போடாத டாக்டர்னு ஒவ்வொரு ஊட்டுலயும் வெளக்கம் வேற சொன்னாரு.

— அந்த டாக்டரு எப்படி இங்க வந்து உக்காந்தாரு? அதைச் சொல்லு.

— காந்திபுரத்துல ஒரு ஏஜென்ட் இருக்காரு. எம்.எட்., பிஎச்.டி. முடிச்சு வேலை இல்லாதவங்க நம்பரெல்லாம் அவர்கிட்ட இருக்குது. எந்தக் காலேஜ்ல இன்ஸ்பெக்ஷனோ, மொத நாள் மெசேஜ் வரும். விடியறதுக்குள்ள சிங்காநல்லூர்ல வேன் ஏறணும். வேன் நெறையப் படிச்சவங்கதான், ஆனா ஒருத்தரும் பேச மாட்டாங்க. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க மாட்டாங்க. ஜன்னல் சீட்டுக்கு மட்டும் போட்டி இருக்கும், வெளிய பாத்துட்டு வரலாம்ல. போன மாசம் சத்தியமங்கலத்துப் பக்கம் ஒரு காலேஜ்ல கணிதம் கற்பித்தல்னு உக்கார வெச்சாங்க. எனக்குக் கணக்கு வராது, உங்களுக்கே தெரியும். வந்த மெம்பர் ஒரு கேள்வியும் கேக்கல. மீன் கொழம்பு எந்த ஆத்து மீனுன்னு மட்டும் வெசாரிச்சாரு.

— மத்த நாள்ல என்ன பண்றே?

— எங்க பஷீர் மாமாவோட பாத்திரக் கடைல நிக்கறேன். என் ஊட்டுக்காரி சஃபியா நர்சரி ஸ்கூல்ல டீச்சரு. ஊடு அவ சம்பளத்துல ஓடுது.

— யாரோ கதவைத் தட்டறாங்க. நீ எந்திரிக்காதே, உக்காந்திரு. உள்ள வாங்க.

— ஏனுங்க மேடம், வரலாமுங்களா?

— வாங்க சென்னிமலை சார். கரஸ்பாண்டன்ட் நீங்க, உங்க காலேஜ்ல நீங்களே கேட்டுட்டு வரணுங்களா?

— மரியாதைன்னு ஒண்ணு இருக்குதுங்களே. எளநி வெட்டியாந்திருக்கறேனுங்க. நம்ம தோட்டத்து எளநிங்க. அக்கட்டால சென்னகிருஷ்ணன் சாரு, இன்னொரு மெம்பரு எல்லாம் எலைல உக்காந்தாச்சுங்க. தலைவரு நீங்க வராம எப்புடிங்க?

— வர்றேன். கொஞ்சம் வேலை இருக்குது.

— இந்தத் தம்பிகிட்ட என்னங்க இவ்வளவு நேரம்? நம்ம சைக்காலஜி வாத்தியாருங்க. தங்கமான ஆளு. இவரு கிளாசுன்னா பசங்க அப்புடியே அசையாம உக்காந்திருப்பாங்க.

— அப்படிங்களா. போன வாரம் என்ன பாடம் நடத்துனாரு?

— அது வந்துங்க, பிரின்சிபாலுக்குத்தான் தெரியுமுங்க. நான் கட்டடம் பாக்கறவனுங்க.

— கட்டடம் நல்லாத்தான் இருக்குது.

— எல்லாம் உங்க ஆசீர்வாதமுங்க. நேத்தே ஊட்டுல சொன்னேன், நம்ம மாசாணத்தோட புள்ள அன்புச்செல்வி டீனா வருதுன்னு. உங்கப்பன் மாசாணம் எங்க தோட்டத்துலதானுங்க கெடந்தான்... இருந்தாருங்க.

— ஆமாங்க. எங்கப்பா உங்க தோட்டத்துலதான் இருந்தாரு. எங்கம்மா பழனியாத்தாளும் அங்கதான் களை வெட்டுனாங்க. லீவு நாள்ல நானும் கடலைக்கொடி புடுங்கியிருக்கேன்.

— பாத்தீங்களா. எங்க காட்டுல இருந்து ஒரு டீனு. இந்த வெள்ளகோவிலுக்கே பெருமைங்க. எங்கய்யன் இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாருங்க.

— நான் எட்டாவது முடிச்சப்ப உங்கய்யன் எங்கப்பாவைக் கூப்புட்டுச் சொன்னாரு, பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இன்னும் படிப்பு, ஆடு மேய்க்க ஆளில்லைன்னு. எங்கப்பா சரிங்க பண்ணாடின்னு சொல்லிப்போட்டு வந்தாரு. மறுநாள் விடியறதுக்கு முந்தி என்னைத் தாராபுரத்துக்குக் கூட்டிட்டுப் போயி ஆஸ்டல்ல சேத்தி உட்டுட்டாரு. அதுக்குப் பொறவு உங்க தோட்டத்துல அவருக்கு வேலை இல்ல. அது கெடக்கட்டுங்க. எனக்கு ஒரு காரியம் ஆகணும்.

— அந்தக் காலத்து ஆளுங்க, வெவரம் பத்தாதுங்க. என்ன காரியம்னு சொல்லுங்க மேடம்.

— ஆசிரியருங்க எல்லாரோட ஒரிஜினல் சர்டிபிகேட்டும் நான் பாக்கணும்.

— ஜெராக்ஸ் எடுத்து பைல்ல வெச்சிருக்கறோமுங்களே. கலர் ஜெராக்சுங்க.

— ஒரிஜினல் வேணும்.

— பீரோச் சாவி என்ற மச்சான்கிட்ட இருக்குதுங்க. அவரு கரூரு போயிட்டாருங்க.

— வரட்டுங்க. நான் இருக்கேன்.

— பொழுது சாஞ்சுருமுங்க மேடம்.

— சாயட்டும். ஒரிஜினல் பாக்காம நான் ஒரு தாள்லயும் கையெழுத்துப் போடறதில்லீங்க.

— ரோசன பண்ணிப் பாக்கறேனுங்க. இன்னொரு சாவி எங்கியாச்சும் இருக்குதான்னு. எளநியக் குடிங்க மேடம், சூடு கொறையும்.

— போயிட்டாரா?

— போயிட்டாரு மேடம். எதுக்கு ஒரிஜினல் கேட்டீங்க?

— உன்னோடது அந்த பீரோல இருக்குதா இல்லையா?

— இருக்குது. நான் சொல்லவே இல்லையே.

— எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? நான் எம்.எட். முடிச்சதும் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தனியார் டீச்சர் ட்ரெயினிங் ஸ்கூல்ல சேந்தேன். சேந்த அன்னிக்கே பத்தாவதுல இருந்து எம்.எட். வரைக்கும் எல்லாத்தையும் வாங்கி உள்ள வெச்சுக்கிட்டாங்க. பத்திரமா இருக்கும்னாங்க. நானும் நம்புனேன். எங்க ஊட்டுல பொட்டி கூடக் கெடையாது, அரிசிப் பானைக்குப் பக்கத்துலதான் வெச்சிருந்தோம், அதுக்கு இது மேல்னு நெனச்சேன். அங்க இருந்துட்டேதான் பிஎச்.டி.க்குப் பதிஞ்சேன். சனிக்கிழமையானா கோயமுத்தூர் பஸ் ஏறி சசிதர் சாரைப் பாத்துட்டு வருவேன். அவருதான் என் கைடு. நீ வர்றதுக்கு முன்னாடியே ரிட்டயர்டு ஆயிட்டாரு.

— போட்டோ பாத்திருக்கேன் மேடம். டிபார்ட்மென்ட் ஹால்ல, தடிச்ச கண்ணாடி போட்டுட்டு.

— அவரேதான். யூனிவர்சிடில லெக்சரர் போஸ்ட் வந்துச்சு. இன்டர்வியூவுக்கு ஒரிஜினலோட வரணும். நான் போயிக் கேட்டா அந்தக் கரஸ்பாண்டன்ட் வருஷ நடுவுல போறதுன்னா நோட்டீஸ் சம்பளம் கட்டிட்டுப் போன்னுட்டாரு. எங்கப்பா அன்னிக்கு அடுத்தவங்க காட்டுல நின்னுட்டிருக்காரு, நான் எங்க போறது? சனிக்கிழமை சசிதர் சார்கிட்டப் போயி, இன்டர்வியூவுக்கு வரல சார், அடுத்த தடவை பாத்துக்கறேன்னு சொன்னேன். ஏன்னு கேட்டாரு. காரணத்தைச் சொன்னேன். அவரு பாட்டுக்கு என் ரெண்டாவது அத்தியாயத்துல தப்பைத்தான் காட்டிட்டிருந்தாரு. எனக்குக் கொஞ்சம் வெசனமாக்கூட இருந்துச்சு, மனுசன் ஒரு வார்த்தை சொல்லலியேன்னு.

— அப்புறம்?

— திங்கக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துட்டுப் பொள்ளாச்சிக்கே வந்துட்டாரு. எனக்குத் தெரியாது, நான் கிளாஸ்ல இருக்கேன். பியூன்தான் அப்புறம் சொன்னான். நேரா கரஸ்பாண்டன்ட் ரூமுக்குப் போயி, இந்தப் புள்ளையோட சர்டிபிகேட் வேணும்னாராம். அவரு முடியாதுன்னாராம். சரி, எனக்கு இன்னிக்கு லீவுதான்னு சொல்லி அங்கயே ஒரு சேர்ல உக்காந்து பேப்பரைப் பிரிச்சுப் படிக்க ஆரம்பிச்சுட்டாராம். மத்தியானம் சாப்பாடு கொண்டாந்து வெச்சாங்களாம், தொடல. மிரட்டல, சத்தம் போடல. விளம்பரம் வரைக்கும் படிச்சாராம். வர்றவங்க போறவங்க எல்லாம் யாரு சார் இவருன்னு கேக்க, அந்த ஆளுக்குப் பதில் சொல்லிச் சொல்லிச் சங்கடமாப் போச்சு. சாயங்காலம் நான் வெளிய வந்தா, கேட்டுல ஸ்கூட்டரோட நிக்கறாரு. கவரை நீட்டி, எல்லாம் இருக்குதான்னு பாத்துக்கன்னாரு. அவ்வளவுதான் பேச்சு. ஸ்கூட்டரை ஒதைச்சுட்டுப் போயிட்டாரு.

— அந்த இன்டர்வியூலதான் உங்களுக்கு வேலை கெடைச்சுதா?

— அதுலதான். அதுக்கப்புறம் லெக்சரர், ரீடர், புரபசர், ஹெட், டீன். ஒவ்வொரு படிலயும் யாராச்சும் ஒருத்தரு, இந்தப் புள்ளைக்கா அந்தச் சீட்டுன்னு கேட்டாங்க. என் காதுபடவும் கேட்டாங்க. நான் பாட்டுக்கு வேலையப் பாத்தேன். பி.எட். பாடத்திட்டத்தை மாத்தி எழுதுனேன். புள்ளைங்களை டவுன் ஸ்கூலுக்கு மட்டும் அனுப்பாம காட்டுப் பள்ளிக்கூடத்துக்கெல்லாம் அனுப்புனேன். நானும் போயிக் கடைசி பெஞ்சுல உக்காந்து பாப்பேன். நீயும் வந்திருக்கே.

— நீங்க பெஞ்சுல உக்காந்து தூங்கற மாதிரி இருப்பீங்க. அப்புறம் வெளிய வந்து, மூணாவது வரிசைல அந்தச் சிகப்பு ரிப்பன் புள்ளைக்கு ஒண்ணும் புரியல, நீ ஏன் அவகிட்டப் போகலைன்னு கேப்பீங்க.

— டீன் ஆனதுக்கப்புறம் அது நின்னு போச்சு. இப்ப எல்லாம் மீட்டிங்குதான். சரி, உன்னோடதை எதுக்குக் குடுத்தே?

— வேலை தர்றேன்னாங்க மேடம். நம்ம டிபார்ட்மென்ட்ல கெஸ்ட் லெக்சரரா இருந்தேன்ல, அது நின்னதும்...

— நான் கையெழுத்துப் போட்டு நிறுத்துனது.

— உங்களைத் தப்பு சொல்லல மேடம்.

— சொன்னாலும் கேட்டுக்கறேன். பணம் இல்ல, கெஸ்ட் எல்லாரையும் நிறுத்துன்னு மேல இருந்து வந்துச்சு. உன் பேரும் அதுல இருந்துச்சு. உன்னை மட்டும் தனியா எடுத்து வெச்சுட்டு மத்தவங்க பேர்ல போட முடியாது. போட்டேன்.

— எங்க அத்தாவும் அதைத்தான் சொன்னாரு, அவுங்க என்ன பண்ணுவாங்கன்னு. அப்பத்தான் அந்த ஏஜென்ட் இங்க ஆள் எடுக்கறாங்கன்னாரு. வந்தேன். சென்னிமலை சார் மரியாதையாப் பேசுனாரு. சர்டிபிகேட்டை வாங்கி வெச்சுக்கிட்டாரு. சேந்துட்டுப் பாத்தா கிளாஸே இல்ல மேடம். பி.எட். படிக்கறவங்க பரிச்சைக்குத்தான் வருவாங்க. நீங்களும் கூப்புடறப்ப வந்தாப் போதுமுங்க தம்பின்னாரு. சர்டிபிகேட் கேட்டா, இந்த இன்ஸ்பெக்ஷன் முடியட்டுமுங்கன்னாரு. அது முடிஞ்சா அடுத்தது.

— போலீசுக்குப் போயிருக்கலாம்.

— எதுக்குக் குடுத்தேன்னு கேப்பாங்க. நான் வராத நாளுக்கெல்லாம் மொத்தமா கையெழுத்துப் போட்டு வெச்சிருக்கேன். அதையும் சொல்லணும்ல.

— ம்.

— போன வருஷம் ஒரு எய்டட் காலேஜ்ல செலக்ட் ஆனேன் மேடம். நெசமான வேலை. ஒரிஜினலோட வந்து சேருங்கன்னாங்க. இங்க வந்து வாசல்ல நின்னேன். வாட்ச்மேன் உள்ள உடல. போன் பண்ணா சென்னிமலை சார், கோயில் விசேசமுங்க, அடுத்த வாரம் பாக்கலாமுங்கன்னாரு. அவுங்க குடுத்த நாள் தாண்டிப் போச்சு. அடுத்த ஆளை எடுத்துக்கிட்டாங்க.  மறுநாள் சஃபியா அவளோட சர்டிபிகேட்டை எல்லாம் ஒரு பைல போட்டு அவ அம்மா ஊட்டுல கொண்டு போயி வெச்சுட்டு வந்துட்டா.

— எதுக்கு?

— என் கைக்கு எட்டுற எடத்துல இருந்தா, நான் எங்கியாச்சும் குடுத்துருவேன்னு.

— ஏனுங்க மேடம், வரலாமுங்களா?

— வாங்க. சாவி கெடைச்சுதுங்களா?

— கெடைச்சுதுங்க.

— உங்க மச்சான் கரூர்ல இருந்து சீக்கிரம் வந்துட்டாருங்களே.

— இன்னொரு சாவி ஊட்டுல இருந்துச்சுங்க. இந்தாங்க, எல்லாருதும் இதுல இருக்குதுங்க. பாத்துப்போட்டுக் குடுங்க, உள்ள வெக்கோணும்.

— ரைஹான், இதுல உன்னோட கவர் எது?

— அந்தப் பச்சைக் கவர் மேடம்.

— எடு. பிரிச்சுப் பாரு. எல்லாம் இருக்குதா?

— இருக்குது மேடம். எல்லாம் இருக்குது.

— உன் பைல வெய்.

— என்னங்க மேடம் இது? காலேஜு சொத்துங்க அது.

— அதுல காலேஜ் பேர் இல்லீங்க, அவன் பேர்தான் இருக்குது. ஒரிஜினலைப் புடிச்சு வெக்கக் கூடாதுன்னு விதி இருக்குது, உங்களுக்கும் தெரியும். மத்தவங்களுதையும் அவுங்கவங்க கைல குடுத்துட்டுத்தான் நான் எந்திரிப்பேன். ஒவ்வொருத்தரா அனுப்புங்க.

— பொறுமையாப் பேசிக்கலாமுங்க மேடம். நான் கேள்விப்பட்டேனுங்க, உங்க டீன் பதவி வர்ற மாசத்தோட முடியுதாமா. நீட்டிக்கற பைலு சென்னைல இருக்குதாமா. அந்த ஆபீசுல நமக்கு வேண்டியவங்க இருக்கறாங்கங்க. ஒரு போனு போட்டா நல்லது நடக்குமுங்க.

— போன் போட்டா நடக்காமப் போகறதும் உண்டுங்களா?

— அப்புடிச் சொல்ல மாட்டேனுங்க. நீங்க நம்ம ஊட்டுப் புள்ளைங்க.

— மாசாணம் ஊட்டுப் புள்ளைங்க நான். பைலு நின்னா டீன் ரூமைக் காலி பண்ணிட்டுப் பழையபடி கிளாஸ் எடுக்கப் போவேன். ரிட்டயர்டாக இன்னும் நாள் இருக்குது. கிளாஸ் எடுக்கறது எனக்குப் புடிச்ச வேலைதான்.

— சென்னகிருஷ்ணன் சாரெல்லாம் ஒத்துக்கோணுமில்லீங்களா?

— ஒத்துக்கலைன்னா நான் தனியா எழுதி அனுப்புவேன். அதுக்கும் எடம் இருக்குது.

— சரிங்க. ஆகட்டுங்க. நீங்க படிச்சவங்க. சாப்பாடு எடுத்து வெக்கச் சொல்லட்டுங்களா?

— வேண்டாமுங்க. வெளிய இருக்கறவங்களைக் கொஞ்ச நேரத்துல கூப்புடறேன்னு சொல்லுங்க.

— கதவைச் சாத்திட்டுப் போறேனுங்க.

— பாரு, போயிட்டாரா?

— போனைக் காதுல வெச்சுட்டு வராந்தால நடந்துட்டிருக்காரு மேடம்.

— நடக்கட்டும். இப்ப நான் சொல்றதைக் கேளு. இங்க ஆசிரியருன்னு காட்டுன ஒருத்தரும் இங்க வேலை பாக்கலைன்னு எழுதப் போறேன். பேரோட எழுதுனாத்தான் அது நிக்கும். பேர் எழுதுனா, அந்தப் பேருக்கு எந்தக் காலேஜ்லயும் அப்ரூவல் குடுக்க மாட்டாங்க. தடை போடுவாங்க.

— தெரியும் மேடம்.

— சர்டிபிகேட் உன் கைக்கு வந்தாச்சு. லைப்ரரிக்குப் பின்னால ஒரு சின்னக் கேட் இருக்குது. அதுல போனா கரூர் ரோடு. பஸ் வரும். போயிரு. இந்தப் பேருக்கு ஆள் வரலைன்னு எழுதிக்கறேன்.

— நீங்க பொய் எழுதுவீங்களா?

— இது வரைக்கும் எழுதுனதில்ல. இன்னிக்கு எழுதிப் பாக்கறேன்.

— அப்ப மத்தவங்க? வேன்ல என் பக்கத்துல செவ்வந்தின்னு ஒரு அக்கா வந்தாங்க. கைக்குழந்தையை மாமியார்கிட்ட உட்டுட்டு வந்திருக்காங்க. அவுங்களுக்கும் எங்கியோ ஒரு கைடு இருப்பாங்கல்ல?

— இருப்பாங்க. ஆனா அவுங்களைப் பத்தி எனக்குத் தெரியாது, உன்னைத் தெரியும். அவ்வளவுதான். இது ஞாயம்னு நான் சொல்லல.

— நான் போகல மேடம். என் பேரையும் எழுதுங்க. ஏஜென்ட், வேன், டீக்கடைல குடுத்த கார்டு, எல்லாத்தையும் நான் என் கையால எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். உள்ள இருந்த ஆளே சொன்னாத்தான் அவரால இல்லைன்னு சொல்ல முடியாது.

— யோசிச்சுத்தான் பேசறியா? உன் தீசிஸ்ல ஒவ்வொரு வரியும் நான் படிச்சது. நீ ஒரு நல்ல காலேஜ்ல நிப்பேன்னு நெனச்சுட்டிருந்தேன். அது இனி நடக்காது.

— திருப்பூர்ல வடக்கத்திப் புள்ளைங்களுக்குன்னு ஒரு டிரஸ்ட் பள்ளிக்கூடம் நடத்துறாங்க மேடம். ஒரிஜினல் இருந்தா வா, சேத்துக்கறோம்னு சொல்லியிருக்காங்க. அங்க இந்தத் தடையெல்லாம் வராது. சம்பளம் கொஞ்சந்தான். ஆனா புள்ளைங்க தெனம் வருவாங்க.

— சஃபியாகிட்ட கேட்டியா?

— அவதான் அந்தப் பள்ளிக்கூடத்தைக் கண்டுபுடிச்சதே.

— இவ்வளவு நடந்திருக்குது. ஏன் ரைஹான் என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லல? நான் அந்த ஆள்கிட்டப் பேசியிருப்பேன்ல.

— வந்தேன் மேடம். உங்க ஆபீசுக்கு வந்தேன். உங்க பி.ஏ. உக்காரச் சொன்னாரு, அப்புறம் மீட்டிங்னாரு. இன்னொரு நாள் வந்தா வி.சி. கூப்புட்டிருக்காருன்னாரு. அப்புறம் ஒரு நாள் நீங்க கார்ல ஏறிட்டு இருந்தீங்க. என்னைப் பாத்து, ஆ ரைஹான், நல்லா இருக்கியா, அடுத்த வாரம் வான்னீங்க.

— ஞாபகம் இருக்குது. வெளியூர்ல இருந்து டீம் வந்திருந்த வாரம் அது. அடுத்த வாரம் நீ வரல.

— வந்தேன். டெல்லி போயிருந்தீங்க.

— சரி. அந்த வெள்ளைத் தாளை எடுத்து எழுது. நானும் எழுதறேன். இவன் என் மாணவன், எனக்குத் தெரிஞ்சவன்னு மொத வரிலயே எழுதறேன், அப்புறம் யாரும் அதைக் கண்டுபுடிச்ச மாதிரி பேச வேண்டாம். ஆனா ஒண்ணு கண்ணு. நான் வர்றது தெரியாம வந்து என் முன்னால மாட்டிக்கிட்டே. அந்த வெக்கத்துல இப்படி எல்லாத்தையும் தூக்கிப் போடறியோன்னு எனக்குப் பயமா இருக்குது. நாளைக்கு வருத்தப்படுவே.

— தெரியாம வரல மேடம்.

— என்ன சொல்றே?

— ஏஜென்ட் என்னை வர வேண்டாம்னுதான் சொன்னாரு. டீன் மேடம் தலைமைல வர்றாங்க, அவுங்களுக்கு உன்னைத் தெரியும், இன்னிக்கு ஊட்டுல இருன்னாரு. நான்தான் கேக்காம வேன்ல ஏறுனேன். இங்கன்னா, நீங்க என்னை உள்ள கூப்புட்டுத்தானே மேடம் ஆகணும்.